காத்திருப்போர் மேஜையிலிருந்து தம்பிக்கு

தம்பி,

இதை உன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நீ நான்கு வரி படித்துவிட்டு, "அப்புறம் பாக்கறேன்க்கா" என்று மடித்துப் பைக்குள் போட்டுக்கொள்வாய். உன் பைக்குள் போன எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அதனால் உங்கள் கல்லூரி நூலக வாசலில் நிறுத்தியிருக்கிற பலகையிலேயே இதைக் குத்திவிடப் போகிறேன். "நம் நூலகத்தின் விழுமியங்கள் எவை? அது எப்படி இருக்க வேண்டும் என்று கனவு காண்கிறீர்கள்? அனைவரும் எழுதலாம்" என்று அதன் தலையில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். கீழே மஞ்சளும் பச்சையுமாகச் சின்னச் சின்னத் தாள்கள். ஒருவர் ஏசி கேட்டிருக்கிறார். ஒருவர் அறிவு ஒளி, நூலகம் விளக்கு என்று எழுதி விளக்குப் படமும் போட்டிருக்கிறார். இன்னொருவர் கேன்டீனை உள்ளே கொண்டுவரச் சொல்கிறார். "அனைவரும்" என்பதில் நான் உண்டா என்று எனக்குத் தெரியாது. அதனால் நூலகத்துக்கு எழுதாமல் உனக்கு எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். விழுமியங்களை முடிவு செய்கிற திங்கட்கிழமைக் கூட்டத்தில் நீ கை தூக்குவதற்கு முன்னால் யாராவது ஒருவர் உன்னிடம் "டேய், உங்கக்கா எழுதினத பாத்தியா" என்று கேட்காமலா போய்விடுவார்?

உன்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவள் இப்படி அம்மா மாதிரிக் கடிதம் எழுதலாமா என்று நினைப்பாய். அம்மா இருந்தால் அம்மா எழுதியிருப்பாள். அத்தா குவைத்தில் கடையில் நிற்கிறார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து போனில் பேசும்போது "காலேஜ் எப்படிப் போவுது" என்று கேட்டுவிட்டு, நீ பதில் சொல்வதற்குள் "கேமராவத் திருப்பு, சமையக்கட்டுல ஒழுகிச்சே, சரி பண்ணீங்களா" என்று கூரையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். நீ கல்லூரியில் சேர்ந்த அன்று அலுவலகத்தில் இருந்தவர் "பேரண்ட் யாரும் வரலையா?" என்று கேட்டதற்கு நீ என்னைக் காட்டினாய். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்து, "இவங்களும் அட்மிஷனுக்கு வந்தவங்கன்னு நெனச்சேன்" என்றார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. ஆனாலும் உங்கள் கல்லூரியிலிருந்து பெற்றோருக்கு வருகிற ஒவ்வொரு செய்தியும் அன்று முதல் என் போனுக்குத்தான் வருகிறது. நீ ஒரு நாள் வகுப்புக்குப் போகவில்லை என்றால் "உங்கள் மகன் இன்று வரவில்லை" என்று எனக்குத்தான் செய்தி வரும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

அம்மா மீன் வாங்குவது உனக்கு நினைவிருக்கிறதா? செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனைக்கூட வாங்க மாட்டாள். பாலக்கரைக் கடைக்காரர் ஒரு நாள் வெறுத்துப்போய், "இத்தனை வருசமா வாங்குறீங்க, இன்னும் நம்பலியாம்மா?" என்று கேட்டார். "உங்கள நம்புறேங்க. மீனத்தான் நம்பல" என்றாள். நீ சிரித்தாய். நான் வெட்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். இப்போது எனக்கு அந்தப் புத்தி அப்படியே வந்துவிட்டது. பளபளவென்று இருக்கிற எதைப் பார்த்தாலும் செவுளைத் தூக்கத் தோன்றுகிறது. "விழுமியம்" என்ற சொல்லை நான் அந்தப் பலகையில்தான் முதல் தடவை பார்த்தேன். யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருந்ததால் அகராதியை எடுத்துப் பார்த்தேன். நாம் உயர்வாக மதிப்பது என்று போட்டிருந்தது. அப்படியானால் இந்த நூலகம் இத்தனை காலமும் எதையும் மதிக்காமலா இருந்தது, இப்போது ஏன் திடீரென்று எழுதக் கேட்கிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பிறகு தெரிந்தது, கல்லூரியைத் தரம் பார்க்க வெளியூரிலிருந்து ஒரு குழு வரப்போகிறது. வருகிறவர்களுக்குக் காட்டச் சுவரில் ஏதாவது இருக்க வேண்டும். என் சந்தேகம் அதனால் குறையவில்லை, கூடித்தான் போனது.

நான் அந்த நூலகத்துக்குள் எப்படி வந்தேன் என்பதை உன்னிடம் சரியாகச் சொன்னதில்லை. போன வருடம் பக்கத்து வீட்டு மைமூன் மாமி, ஒரு சனிக்கிழமை ஆய்வக வகுப்பு நேரத்தில் உன்னைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாகச் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி, பாலம் தாண்டி, திருவானைக்காவலும் தாண்டி உங்கள் கல்லூரி வாசலுக்கு வந்து நின்றேன். வெயில் சுள்ளென்று அடித்தது. என்னைப் போலவே பிள்ளைகளுக்காக நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அப்போது நூலகர் மேடம் சாப்பிட்டுவிட்டு அந்த வழியாக வந்தார். "சனிக்கிழமை மத்தியானம் நம்ம லைப்ரரில காத்து வாங்கிட்டு உக்காரலாமே, வழக்கமா எல்லாரும் அங்கதானே இருப்பாங்க" என்று கூட்டிக்கொண்டு போனார். செய்தித்தாள் அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு நீள மேஜை. காத்திருப்போர் மேஜை என்றுதான் வாட்ச்மேன்கூடச் சொல்கிறார். ஆனால் அப்படி எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. கார்டு கேட்பதில்லை. கையெழுத்தும் இல்லை. பிள்ளைக்காகக் காத்திருக்கிறேன் என்று சொன்னால் போதும். புத்தகத்தை வெளியே எடுத்துப்போகக் கூடாது, அவ்வளவுதான்.

அன்று நீ ஆய்வகத்திலிருந்துதான் வந்தாய். கையெல்லாம் கறை. என்னைப் பார்த்ததும் உன் முகம் சுருங்கியது. "செக் பண்ண வந்தியா?" என்று கேட்டாய். "இல்லடா, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றேன். பாலக்கரையில் இருக்கிறவள் சும்மா திருவானைக்காவல் பக்கம் வந்தாளாம். நீ நம்பவில்லை. நான் உன்னைச் சந்தேகப்பட்டேன், நீ என்னைச் சந்தேகப்பட்டாய், இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தோம். அடுத்த சனிக்கிழமையும் நான் வந்தேன். அதற்கடுத்ததும் வந்தேன். நீ ஒரு நாள் "நானே வந்துடுவேன், நீ அலையாத" என்றாய். அக்கறை போலத்தான் இருந்தது, ஆனால் அதில் ஒரு கசப்பும் இருந்தது. அப்போதே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். எனக்கு எதையும் நேரத்தில் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும்.

அந்த மேஜையில் வழக்கமாக இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் ஸ்ரீரங்கத்து மாமி. காலையில் பெருமாளைச் சேவித்து, சமைத்து வைத்துவிட்டு, நெற்றியில் ஸ்ரீசூர்ணத்தோடு வந்து உட்கார்ந்து செய்தித்தாளின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார். இன்னொருவர் மன்னார்புரத்தில் ஆட்டோ ஓட்டுகிற அண்ணன். அவருடைய மகள் வணிகவியல் படிக்கிறாள். ஒரு நாள் பேச்சுக்காக மாமியிடம், "உங்க பையன் எந்த டிபார்ட்மெண்ட் மாமி?" என்று கேட்டேன்.

"கெமிஸ்ட்ரி."

"எந்த வருஷம்?"

"முடிச்சுட்டான். பெங்களூர்ல வேலையா இருக்கான்." பக்கத்தைத் திருப்பினார். நான் விழித்ததைப் பார்த்துவிட்டு, "ஆத்துல பேப்பர் வராதான்னு கேக்கறியா? வரும். அவர் படிச்சு முடிச்சு எங்கிட்ட வர்றச்சே சாயங்காலம் ஆயிடும். அதுக்குள்ள அது மேல கறிகாய் நறுக்க வேண்டியிருக்கும். இங்கேன்னா ஈரமில்லாம படிக்கலாம்" என்றார்.

ஆட்டோ அண்ணன் சிரித்தார். "என் பொண்ணும் பஸ்லதான் போவுது பாப்பா. அப்பா ஆட்டோல வந்தா பிரண்ட்ஸெல்லாம் ஏறிக்குவாங்களாம், வேணாங்குது. சவாரி இல்லாத நேரம் ஸ்டாண்டுல உக்காந்தா சீட்டாடக் கூப்புடுறானுங்க. அதான் இங்க வந்து, அது படிக்கிற புக்குல என்னதான் இருக்குன்னு பாக்கறேன்." அவர் கையில் கணக்குப் பதிவியல் புத்தகம் இருந்தது. "பாதி புரியுது. மீதிக்குப் பொண்ணக் கேட்டா, ஏம்பா பரிச்ச எழுதப் போறியான்னு கேக்குது."

இப்படித்தான் எனக்குத் தெரிந்தது, காத்திருப்போர் மேஜையில் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நான் மட்டும்தான் பொய் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று பயந்துகொண்டிருந்தேன். நான் என்ன செய்தேன் என்பதையும் இப்போது சொல்லிவிடுகிறேன். அந்த மேஜைக்குப் பின்னால் போட்டித் தேர்வு அலமாரி இருக்கிறது. அரசு வேலைக்குப் படிக்கிறவர்களுக்காக அங்கே பள்ளிப் பாடப்புத்தகங்களை வைத்திருக்கிறார்கள். நான் பத்தாம் வகுப்பு அறிவியலை எடுத்துப் படிக்கிறேன். பார்க்கிறவர்கள் ஏதோ பெரிய தேர்வுக்குப் படிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். அம்மா படுத்த வருடம் பரீட்சைக்குப் போகாமல் விட்டேனே, அந்தப் பத்தாவதைத்தான் தனித்தேர்வராக எழுதலாம் என்று இருக்கிறேன். அத்தாவுக்குத் தெரியாது. உனக்கும் சொல்லவில்லை. வீட்டில் படித்தால் "என்ன படிக்கிற?" என்பாய். சொல்லிவிட்டுத் தோற்றுப்போனால் என்ன செய்வது? அந்த மேஜையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

இனி போன மாதம் முதல் கூட்டம் நடந்த சனிக்கிழமைக்கு வருகிறேன். விழுமியங்களை எழுதக் கல்லூரி போட்ட குழு நூலகத்திலேயே கூடியது. எங்கள் மேஜைக்கும் உங்கள் மேஜைக்கும் நடுவில் செய்தித்தாள் அடுக்கு மட்டும்தான். மாணவர் பிரதிநிதியாக நீ முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். குழுத் தலைவரான பேராசிரியர், "ஓபன்னெஸ், ஈக்வாலிட்டி, டிசிப்ளின். தமிழ்ல யாராவது சொல்லுங்க" என்றார். திறந்த தன்மை, சமத்துவம், ஒழுங்கு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கனவு என்ன என்று கேட்டார். உலகத் தரமான அறிவு மையம் என்றார்கள். நூலகர் மேடம், "எல்லாரும் வரலாம்னு ஒரு வரி எழுதிடலாமா சார்?" என்று கேட்டார்.

"எல்லாரும்னா யாரு மேடம்? நம்ம பயனாளர்கள். புது கேட் வருதுல்ல, கார்டு வச்சாத்தான் திறக்கும். தரம் பாக்க வர்ற டீம் கேட்டா எத்தன பேர் வர்றாங்கன்னு கணக்கு சொல்லலாம்."

"இந்த பேரண்ட்ஸ் வந்து உக்கார்றாங்களே சார்."

"அவங்களுக்கு வாசல்ல ஒரு ஷெட் போட்டுரலாம். ஃபேன் வச்சு." பிறகு உன் பக்கம் திரும்பினார். "ஸ்டூடண்ட்ஸ் சைடுல என்ன சொல்றீங்க?"

நீ எழுந்து நின்றாய். "லைப்ரரி ஸ்டூடண்ட்ஸுக்கானது சார். வெளியில உள்ளவங்க உக்காந்திருந்தா ஃப்ரீயா படிக்க முடியல சார்."

"குட்" என்றார்.

மாமி செய்தித்தாளைத் தாழ்த்தாமலே என்னிடம், "ஏண்டிம்மா, அது உன் தம்பிதானே? நன்னா பேசறான். குரல் கணீர்னு இருக்கு" என்றார்.

"நம்மளத்தான் மாமி சொல்லுது அந்தத் தம்பி" என்றார் ஆட்டோ அண்ணன்.

"தெரியறது. அதனாலதான் நன்னா பேசறான்னேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்று சாயங்காலம் வீட்டில் உன்னிடம், "யாரு வெளியில உள்ளவங்க?" என்று கேட்டேன். "நீ அங்க இருந்தியா? தெரியாதுக்கா" என்றாய். உன்னைத் தூக்கி வளர்க்காவிட்டாலும் உனக்குச் சோறு போட்டு வளர்த்தவள் நான். பொய் சொல்லும்போது நீ தண்ணீர் குடிப்பாய். அன்று ஒரு சொம்பு குடித்தாய். ஆனால் கோபம் அடங்கிய பிறகு எனக்குப் புரிந்தது. நீ மாமியைச் சொல்லவில்லை, ஆட்டோ அண்ணனையும் சொல்லவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் உன்னை வேவு பார்க்க ஓர் ஆள் வந்து உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்த ஆளை வெளியே அனுப்ப வேறு வழி தெரியாமல் விழுமியத்தைப் பிடித்துக்கொண்டாய். முதல் சனிக்கிழமை நீ நினைத்தது சரி. அதற்குப் பிறகு நீ எந்தப் பக்கம் போனாய் வந்தாய் என்றுகூட நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

நூலகர் மேடத்திடமும் கேட்டேன். கேட்கவே சில வாரங்கள் ஆயிற்று. கவுண்டர் வரைக்கும் போவேன், அவர் "என்னம்மா?" என்பார், "ஒண்ணுமில்ல மேடம்" என்று திரும்பிவிடுவேன். கடைசியில், "எங்க மேஜைய எடுத்துடுவீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்க மேஜையா?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எழுதாம இப்படியே விட்டா நான் இருக்கிற வரைக்கும் இருக்கும். ஜூன்ல நான் ரிடையர் ஆகறேன். அப்புறம் வர்றவங்களுக்கு இப்படி ஒண்ணு இருந்ததே தெரியாது. எழுதினா, இது எதுக்குன்னு கேட்டு இப்பவே அடிச்சிடவும் செய்யலாம். எது நல்லதுன்னு நீ சொல்லு."

"எனக்கென்ன மேடம் தெரியும்."

"தெரிஞ்சத அந்த போர்டுல எழுது. நான் எழுதினா ஃபைலுக்குள்ள போயிடும்."

அவரை நம்புகிறேனா என்று கேட்டால் பாதிதான் நம்புகிறேன். கூட்டத்தில் பேராசிரியர் ஷெட் என்றதும் "சரிங்க சார்" என்றவர் அவர்தான். அங்கே பேசக்கூடியவர் பேசாமல், வாசலில் நிற்கிற என்னை ஏன் எழுதச் சொல்கிறார் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். ஆனால் மறுவாரம் என் இடத்தில் புதிய பாடத்திட்டத்து அறிவியல் புத்தகம் இருந்தது. நான் அதுவரை படித்துக்கொண்டிருந்தது பழைய புத்தகம். நான் எதற்குப் படிக்கிறேன் என்று அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது, இருந்தும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மீதிப் பாதி நம்பிக்கை அதனால் வந்ததா என்று கேட்காதே. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி, நீ இனிமேல் நிறையக் கூட்டங்களில் உட்காருவாய். பெரிய சொற்கள் உன் முன்னால் வந்துகொண்டே இருக்கும். திறந்த தன்மை என்று எழுதிவிட்டு அதே வாசலில் கார்டு கேட்கிற இயந்திரத்தை வைப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தப் பேராசிரியர் வெயிலில் நிற்கிறவர்களுக்கு ஃபேன் வைக்க வேண்டும் என்று நினைத்தாரே, அதுவும் நல்ல மனம்தான். ஆனால் எங்களுக்கு வேண்டியது காற்று மட்டும் இல்லை. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, சொல்லக்கூடிய இடத்தில் இருந்த நீயும் சொல்லவில்லை. யாராவது ஓர் அழகான சொல்லை நீட்டிக் கை தூக்கச் சொன்னால், அம்மா மாதிரிச் செவுளைத் தூக்கிப் பார். "உங்கள நம்புறேங்க சார். இந்தச் சொல்லத்தான் நம்பல" என்று சொல்ல உனக்குக் கூச்சமாக இருந்தால், "எல்லாரும்னா யார் யாரு சார்?" என்று மட்டுமாவது கேள். என்னைப் போல இல்லை நீ. உனக்குக் குரல் இருக்கிறது. மாமியே சொல்லிவிட்டார்.

விழுமியம் எழுதச் சொன்னார்கள், எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன். இந்த நூலகத்தில் சனிக்கிழமை மத்தியானம் யார் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்கப்படாது. அவ்வளவுதான். இந்த வரியைத் திங்கட்கிழமை நீ படித்தால் நல்லது. சேர்ப்பார்களா என்று தெரியாது. அடித்துவிட்டால்கூட, அடிக்கிறவர் ஒரு தடவை அதைப் படித்துவிட்டுத்தானே அடிக்க வேண்டும்? நூலகம் எப்படி இருக்க வேண்டும் என்ற கனவைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது. அந்த மேஜை இருக்க வேண்டும். மாமி ஈரமில்லாத செய்தித்தாள் படிக்க வேண்டும். ஆட்டோ அண்ணனுக்கு மீதிப் பாதியும் புரிய வேண்டும்.

கூட்டத்தில் நீ அந்த வரியைப் படிப்பாயா, தண்ணீர் குடிப்பாயா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். அது போகாது. பெற்றவர்களுக்கே போகாதாம், வளர்த்தவளுக்கு எங்கே போகப்போகிறது? அதனால் உன்னிடம் இன்னொன்றும் எல்லார் முன்னாலும் கேட்டு வைக்கிறேன், பிறகு நீ மாற்றிப் பேச முடியாது. தேர்வு எழுத எனக்குப் புத்தூர்ப் பக்கம் ஏதோ ஒரு பள்ளிக்கூடம் விழும் என்கிறார்கள். எழுத வருகிற பிள்ளைகள் எல்லாருக்கும் அம்மாவோ அப்பாவோ வந்து வாசலில் நிற்பார்கள். நான் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு எனக்காக வெளியே நிற்க ஒருவர் வேண்டும். அங்கே மேஜை இருக்காது, ஃபேன் இருக்காது, வெயில்தான். நீ வந்து நில். யாருக்காக நிற்கிறாய் என்று அங்கே கேட்பார்கள். கேட்டால் என் பெயரைச் சத்தமாகச் சொல்.

உன் அக்கா